விலைக்கு வாங்கிய முப்பாட்டன்

பூர்வீகம் தேடுவோர் என்று ஓர் இனம் உண்டு. வளைகுடா நாடுகளின் ஏ.சி. அறைகளில் அது அமோகமாகச் செழிக்கிறது. அடையாளம் காண்பது சுலபம்: பிரியாணிக்கு நடுவில், யாரும் கேட்காமலேயே, "எங்க பரம்பரை கொஞ்சம் வேற மாதிரி" என்று ஒருவர் ஆரம்பித்தால், அவரேதான்.

குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் நிஷாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டன்காரர். அவருடைய முப்பாட்டன் டெவ்லின் துரை அயர்லாந்திலிருந்து வந்து ஒரு தேயிலைத் தோட்டத்தையே ஆண்டவர். ஆதாரம்? நிஷாந்தனின் அப்பாவுக்குப் பூனைக்கண். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அயர்லாந்தின் பழைய பதிவேடுகளைத் தேடித் தரும் இணையதளம் ஒன்று கண்ணில் பட்டதும் வந்தது வினை. பெயரை மட்டும் இலவசமாகக் காட்டுவார்கள். ஊர், தொழில், அப்பன் பெயர் தெரிய வேண்டுமென்றால் காசு. நிஷாந்தன் கட்டினார். ஒரு டெவ்லின் நாலு வயதில் அம்மை கண்டு இறந்திருந்தார். இன்னொருவர் ஆடு திருடி உள்ளே போனவர்; அவரை அவசரமாக மூடிவிட்டு, அடுத்தவருக்குக் கட்டி, அவர் பாதிரியாராகப் போய்விடவே பெருமூச்சு விட்டு, அதற்கும் அடுத்தவருக்குக் கட்டியபோது ஒரு டாக்டர் அகப்பட்டார். அவ்வளவுதான். டாக்டரே முப்பாட்டன் என்று தீர்ப்பாயிற்று.

"என்னாங்க, இதுல பாதி அயர்லாந்து கவர்மென்ட் தளத்துலயே சும்மா கெடக்குது. நான் இப்பதான் பார்த்தேன்" என்றாள் மனைவி தர்மிகா.

"சும்மா கெடைக்கிறது ஒரிஜினலா இருக்குமா?"

காசு கொடுக்காமல் வந்த பாட்டன் எப்படி அசல் பாட்டன் ஆவான்? நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் டாக்டர் துரையின் பெருமை பரிமாறப்பட்டது. ராமநாதபுரத்துக்காரரான ஏ.சி. மெக்கானிக் கார்மேகம் எலும்பைக் கடித்தபடி, "அப்ப அண்ணனுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட்டு வந்துரும். விசா குடுத்த மொதலாளி, அந்த கஃபீல் தொல்லை கலாஸ், முடிஞ்சுச்சு!" என்றார். முப்பாட்டனைக் காட்டினால் பாஸ்போர்ட் கிடைக்காது என்று நிஷாந்தனுக்குத் தெரியும். மறுக்கவில்லை. மறுப்பது இந்த இனத்தின் வழக்கமில்லை. அடக்கமாகப் புன்னகைப்பதே வழக்கம்.

டாக்டரையும் தன்னையும் இணைத்துக் காட்ட அயர்லாந்திலேயே ஓர் ஆராய்ச்சிக்கார அம்மாளை அமர்த்தினார். அவளுக்குப் போனது, லீவுக்கு ஊர் போக வைத்திருந்த டிக்கெட் பணம். விஷயம் தெரிந்து தர்மிகா சண்டை போடவில்லை. வாங்கி வைத்திருந்த சாக்லேட், ஷாம்பு எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கினாள். சண்டையே போட்டிருக்கலாம்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. டாக்டர் டெவ்லின் கடலைத் தாண்டவே இல்லை. கல்யாணமும் செய்யவில்லை. இலங்கைக்கு வந்தவர் அதே ஊரின் வேறொரு டெவ்லின், நிலமில்லாத கூலிக்காரன் மகன். சோற்றுக்கு வழியில்லாமல் ஒப்பந்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, கண்டியில் குதிரைகளுக்கு லாடம் அடித்திருக்கிறார். பிறகு ஹட்டன் பக்கம் ஒரு துரையிடம் குதிரைக்காரர். துரை வேறு ஆள். தோட்டத்தில் கொழுந்து பறித்த மீனாட்சியைக் கட்டிக்கொண்டவர், ஊருக்குத் திரும்பவே இல்லை.

நிஷாந்தன் லேப்டாப்பை மூடினார். தர்மிகா அதைத் திறந்து, நிதானமாகப் படித்தாள்.

"இங்க பாருங்க. பட்டாளத்துல இருந்தவரைக்கும் சம்பளத்துல ஒரு பங்கு அவங்க அம்மாவுக்குப் போயிருக்கு. இவரும் நம்மள மாதிரி கான்ட்ராக்ட்டுல வந்தவருதாங்க."

நிஷாந்தன் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். இத்தனை நாளும் தொப்பியும் மீசையுமாக மட்டும் இருந்த துரைக்கு, அப்போதுதான் ஒரு முகம் வந்தது.

"லீவே குடுக்கல போல, பாவம்" என்றார். பிறகு மெல்ல, "ரம்ஜான் போனஸ் வந்ததும் மொதல்ல டிக்கெட் போட்டுருவோம்."

"போடுங்க. ஷாம்பு தீர்றதுக்குள்ள" என்றாள் தர்மிகா.

ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கார்மேகம், "அண்ணே, டாக்டர் துரை என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

"துரையெல்லாம் இல்லப்பா. குதிரைக்கு லாடம் அடிச்சவரு" என்றார் நிஷாந்தன், எல்லோரும் கேட்க, கம்பீரமாக.

கார்மேகத்துக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"ஆனா," என்றார் நிஷாந்தன், சோற்றைப் பிசைந்தபடி, "சாதாரணக் குதிரை இல்ல."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பாட்டனார் குதிரையோடு ஊருக்குள் வந்திறங்கிய கதை இருக்குமே? அவர் அதன் மேல் உட்கார்ந்து வந்தாரா, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தாரா? என்றாவது கேட்டிருக்கிறீர்களா?