மிஞ்சும் என்று நான் போட்ட பதிவு

எண்ணும் பழக்கம் உள்ளவனுக்குக் கலியாண மண்டபத்தில் நிம்மதி கிடையாது. மற்றவர்கள் பெண்ணின் கூறைச் சேலையைப் பார்ப்பார்கள். நான் காலிக் கதிரைகளை எண்ணுவேன். முப்பத்தொரு வருடம் கணக்காய்வுப் பகுதியில் இருந்தவன். ஓய்வு எனக்குத்தான் தந்தார்கள், எண்ணுகிற புத்திக்குத் தரவில்லை.

அப்படி எண்ணியதில் ஓர் உண்மை தெரிந்தது. கொழும்புக் கலியாணங்களில் அழைத்தவர்களில் நாலில் ஒரு பங்கினர் வருவதில்லை. அவர்களுக்குச் சமைத்தது பின்வாசலால் குப்பைக்குப் போகிறது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தின் பின்னால் ஒரு அண்டா சோற்றைக் கவிழ்ப்பதை நானே பார்த்தேன். அதே இடத்தில் கதிரை இறக்க வந்த ஒரு மனிதர், அந்தச் சோற்றைப் பார்த்தபடி வெறும் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு நித்திரை வரவில்லை. (வழமையாகவே வருவதில்லை என்பாள் மனைவி. அது வேறு கதை.)

அந்த நாட்களில்தான் நான் முகநூலுக்குள் நுழைந்திருந்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் மூடியில்லாத வடிகான் ஒன்று இருந்தது. அதற்கு மூடி கேட்டு வருடக்கணக்காகக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டேன். மூன்றாம் நாள் மூடி வந்துவிட்டது! அந்த மூடியின் மேல் ஏறி நின்றபோது எனக்கு உலகத்தையே திருத்திவிடலாம் போல இருந்தது. அந்தத் தலைக்கனத்தோடு இருந்த நேரத்தில்தான் தர்ஷினியின் கலியாணம் வந்தது.

தர்ஷினி என் தங்கை மங்களத்தின் ஒரே மகள், தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் என்ற முறையில் சாப்பாட்டுப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நானூறு பேருக்கு அழைப்பு, நானூறு பேருக்குச் சமையல். அன்று வெள்ளிக்கிழமை, வேலை நாள். ஆகவே நூறு பேர் வரமாட்டார்கள் என்று என் கணக்கு அடித்துச் சொன்னது. முதல்நாள் மாலை இப்படி ஒரு பதிவு போட்டேன்:

“நாளை என் மருமகளின் கலியாணம். அழைத்தவர்களில் நூறு பேராவது வரமாட்டார்கள். அவர்களுடைய சாப்பாடு குப்பைக்குப் போகக் கூடாது. பசித்தவர் யாராயினும் பகல் பன்னிரண்டு மணிக்கு, கீழே முகவரி உள்ள வெள்ளவத்தை மண்டபத்தின் பின்வாசலுக்கு வாருங்கள். இதைப் பகிருங்கள்.”

மனைவி புவனம் எட்டிப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, மங்களத்திட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?”

“சமூக மாற்றத்துக்கு அனுமதி கேக்கிறேல்லை” என்றேன். (இந்த வசனத்தை அவள் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுகிறாள்.)

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூறு பேர்! கணக்கு அப்படியே பொருந்தியதில் நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே ஒழுங்கை முனைவரை வரிசை. கொச்சிக்கடையில் மூட்டை சுமப்பவர்கள், விடுதி மாணவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். யாரோ பதிவைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தும் பகிர்ந்திருக்கிறார்கள். முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் “மாத்தயா, கேம கோ?” என்று சாப்பாட்டைக் கேட்டார். நான் அண்டாவைத் திறந்து, நூறு பார்சல் கட்டி என் கையாலேயே கொடுத்தேன்.

நூறாவது பார்சலைக் கொடுத்து நிமிர்ந்தபோது சமையல்காரர் மணியம் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“ஐயா, முன்னால வந்து பாருங்கோ. சனம் வருது.”

“எந்தச் சனம்?”

“நீங்க வராதெண்டு சொன்ன சனம்.”

முன்வாசலில் கந்தோர் உடுப்போடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் என் ஒன்றுவிட்ட தம்பி நேசன்.

“என்னண்ணை, நாங்கள் வரமாட்டம் எண்டு உலகம் முழுக்க அறிவிச்சிருக்கிறியள்? நாங்கள் என்ன மரியாதை தெரியாத ஆக்களே? அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறம்!”

என் கணக்கில் பிழை இல்லை. அதை வெளியே சொன்னதுதான் பிழை. வராமல் இருக்க நினைத்தவன் ஒவ்வொருவனும் அந்த நூறில் தானும் ஒருவன் என்று ரோசப்பட்டு, மனைவி பிள்ளையோடு வந்து நின்றான்.

முதற்பந்தியில் எங்கள் சொந்தக்காரர் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் நூறு பேர் இன்னும் கைநனைக்கவில்லை. அண்டாவின் அடி தெரிந்தது. பின்வாசலில் மிச்ச வரிசை அப்படியே நின்றது. மங்களம் என் கையைப் பிடித்தாள்.

“அண்ணை, சம்பந்தி ஆக்கள் பசியோட எழும்பிப் போனால் என்ர பிள்ளை அந்த வீட்டில எப்பிடி வாழுறது? சொல்லுங்கோ!”

நான் வெறும் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்குள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அப்போது மணவறையிலிருந்து தர்ஷினி இறங்கி வந்தாள். மாலையோடு, பட்டுச் சரசரக்க. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாமா, அசையாம நில்லுங்கோ” என்றாள். வெறும் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி வியர்த்து வழிந்த என்னைப் படம் எடுத்தாள். மாப்பிள்ளை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்க, அங்கேயே முகநூலில் எழுதினாள்:

“என்ர மாமா கொழும்பு முழுக்கச் சாப்பாட்டுக்குச் சொல்லிப்போட்டார். மண்டபத்துக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள், வீட்டில சமைச்ச மரக்கறிச் சாப்பாடு ஒரு சட்டியில கொண்டு வாங்கோ. பொம்பிளை மாப்பிள்ளையோட நிண்டு படம் எடுக்கலாம்!”

வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தை மாடி வீடுகளில் பெரும்பாலும் மரக்கறிதான். அது எங்கள் அதிர்ஷ்டம். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எதிர் மாடியிலிருந்து ஒரு அம்மா, வயர் தொங்கத் தொங்க ரைஸ் குக்கரோடு வந்தார். அவருக்குப் பின்னால் சாம்பார் வாளி. அதற்குப் பின்னால் ஒழுங்கை முழுவதும் சட்டிகள்! லிஃப்ட் நிறையச் சட்டிகள்! ஒரு சிங்களப் பெண்மணி தேங்காய்ச் சம்பலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, “மாசி இல்லை, மாசிக் கருவாடு இல்லை” என்று தமிழில் கூவிக்கொண்டே வந்தார். ஜும்மாத் தொழுகைக்குக் கடை மூடப் புறப்பட்ட சாப்பாட்டுக்கடை முதலாளி, இடியப்பத்தைப் பெட்டியோடு இறக்கிவிட்டு, “இறைச்சி படாத புதுத் தட்டுல அவிச்சது, பயப்படாம பரிமாறுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார். பின்வாசலில் நின்றவர்கள் தாங்களாகவே உள்ளே வந்து மேசை தூக்கினார்கள், தண்ணீர் வைத்தார்கள். நான் நடுவில் நின்று, “இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!” என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

முன்னும் பின்னும் வந்த எல்லாரும் ஒரே மண்டபத்தில் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கடுகடுத்த மனிதர். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பருப்பு மட்டும் பதினொரு விதம்! இப்பிடி ஒரு கலியாணச் சாப்பாடு நான் கண்டதில்லை. ஆர் ஏற்பாடு?”

நான் எண்ணியது பதினாலு விதம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரின் எண்ணிக்கையைத் திருத்தாமல் விட்டேன். மங்களம் அழுதுகொண்டே சிரித்தாள்.

என் பதிவுக்கு அறுபத்தொரு விருப்பம் கிடைத்திருந்தது. அண்டாவோடு நான் நிற்கும் படத்துக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியது. (எண்ணாமல் இருக்க முடியுமா?)

மறுநாள் மங்களம் வீட்டில் ஊர் பேர் தெரியாத நாற்பத்தேழு சட்டிகள் கிடந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்க்கத் தர்ஷினி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். பெயர் ‘சட்டி’. சட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகும் குழு கலையவில்லை. இன்றைக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்த மண்டபத்தில் சோறு மிஞ்சினாலும் அந்தக் குழுவுக்குத்தான் முதலில் செய்தி போகிறது. அரை மணித்தியாலத்தில் ஆட்கள் வந்து பசித்தவர்களிடம் கொண்டு போகிறார்கள், விருந்தாளிகள் கைகழுவிய பிறகு. நானும் உறுப்பினன்தான். வாசிக்கலாம், எழுத அனுமதி இல்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் வெறும் எண்ணிக்கை சொல்லிச் சமையலுக்குக் கொடுப்பதில்லை. போன மாதம் நேசனின் மகளுக்குக் கலியாணம். எத்தனை பேருக்கு என்று மணியம் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“முந்நூறும் ஒரு மாமாவும்” என்றான் நேசன்.

“ஒரு மாமா போதுமே? பள்ளிக்கூட லீவு நாள், ரெண்டு மாமாவாப் போடட்டே?” என்றார் மணியம்.

ஒரு மாமா என்றால் ஐம்பது சாப்பாடு. மணியத்தின் எல்லா வாடிக்கையாளரும் இப்போது இந்த அளவையைத்தான் பாவிக்கிறார்கள், அந்த மாமா யார் என்று தெரியாமலே. அந்தக் கலியாணத்தில் பின்வாசலில் நின்று நானே எண்ணிப் பார்த்தேன். சட்டிக் குழு வந்து போனபின் மிஞ்சியது, ஒரு அப்பளம்.

அதையும் நான்தான் சாப்பிட்டேன்.