சீட்டில் இடது கை

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது ஆயுதத்தையும் காட்ட வேண்டும் அல்லவா? அந்தக் கையெழுத்தையும் ஒரு ரப்பர் முத்திரையையும் வைத்துக்கொண்டு, உத்திரமேரூர் அரிசி மில் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் கதவை நான்கு நாள் சாத்த வைத்தவன் நான். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

ஊரிலிருந்த மில் முதலாளிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து தொழிலாளர் மருத்துவ நிதி என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தம். முதலாளிகள் கொஞ்சம் போடுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பன்னிரண்டு கட்டிலோடு நர்சிங் ஹோம் நடத்திவந்த டாக்டர் ராகவனோடு ஒப்பந்தம். உறுப்பினருக்குத் தரும் ரோஸ் கலர் அட்டையைக் காட்டினால் வைத்தியம் பார்ப்பார். பில்லை நிதிக்கு அனுப்புவார். நிதியின் செயலாளர் தேவராஜன், ஒரு மில்லின் முதலாளி. நிதியின் தலைமை குமாஸ்தா நான். (துணை குமாஸ்தா, பியூன், வாட்ச்மேன் எல்லாமும் நான்தான்.)

அட்டை மட்டும் போதாது, ஆபீஸில் சீட்டு வாங்கிக்கொண்டு போனால்தான் வைத்தியம் என்று ஒரு விதியைச் சேர்த்தது என் மூளை. இன்னாருக்கு, இன்ன உறுப்பில், இன்ன கோளாறு என்று சீட்டில் இருக்கும். கீழே என் கையெழுத்தும் முத்திரையும். நர்சிங் ஹோமில் என் மாதிரிக் கையெழுத்தைக்கூடக் கொடுத்து வைத்திருந்தேன், யாராவது கள்ளச் சீட்டில் காய்ச்சலைக் குணப்படுத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று.

கன்னியம்மா என்று ஓர் அம்மாள். ஊர் எல்லையிலிருந்த குடிசைகளிலிருந்து மில்லுக்கு நெல் அவிக்க வருவார். நெல் வேகிற கொப்பரையின் ஆவி அடித்துக் கை வெந்துபோய், ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். சீட்டு எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் வைத்தியம் பார்த்து, இனி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது அவசியம். ஒட்டிக்கொண்டால் அந்தக் கைக்கு அப்புறம் வேலையில்லை.

பில் வந்தது. நான் எழுதிய சீட்டில் இடது கை. பில்லில் வலது கை. எனக்குப் புல்லரித்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மோசடியைக் கண்டுபிடித்திருக்கிறேன். உறுப்பினரின் இடது கைக்குத்தான் அனுமதி தரப்பட்டது, அனுமதியில்லாத கைகளுக்கு நிதி பொறுப்பல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டினேன். டாக்டர், வெந்த கைக்குத்தான் தன்னால் மருந்து போட முடியும் என்று இரண்டே வரியில் பதில் எழுதினார். நான் மூன்று பக்கம் எழுதினேன். அதற்கு வந்த பதில் ஒரே வரி: வரும் திங்கள் முதல் ரோஸ் அட்டை செல்லாது.

செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் கையை மாற்றிப் பில் போட்டுப் பிடிபட்டுவிட்டார், அதனால்தான் கோபம் என்று விளக்கினேன். தேவராஜனுக்கு நெல் ஏலம் தலைக்குமேல் இருந்தது. அப்படியானால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறோம் என்று கடிதம் எழுதி டாக்டர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு வா என்றார். மரியாதையாக என்ற சொல் மட்டும் ஏனோ என் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை காலை, பெரிய தாளில் கொட்டை எழுத்தில் ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டேன்: 'எங்கள் உறுப்பினர் எவரும் இந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறமாட்டார்.' ஒரு டப்பாவில் மைதா பசை. நர்சிங் ஹோம் சுவரிலேயே ஒட்டிவிடுவது என்று திட்டம். வாசல் வேப்பமரத்தடியில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையே கம்பவுண்டர் அட்டை செல்லாது என்று திருப்பியனுப்பிவிட்டாராம். யாராவது மனது மாறிக் கூப்பிடமாட்டார்களா என்று நாள்தோறும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். எல்லாம் சட்டப்படி சரியாகிவிடும் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, பக்கத்து டீக்கடையில் ஸ்டூல் வாங்கி ஏறினேன்.

ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை என்று கடைக்காரர் சொன்னாராம். நான் அப்போது தாளின் நாலு மூலையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. பசை டப்பா தலையில் கவிழ்ந்தது. நோட்டீஸ் என் சட்டை மார்பில் சுருக்கமில்லாமல், நாலு மூலையும் சமமாக ஒட்டிக்கொண்டது. கன்னியம்மாதான் முதலில் ஓடிவந்து கட்டுப் போடாத கையால் என்னைத் தூக்கி நிறுத்தி, கம்பவுண்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார்.

டாக்டர் ராகவன் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் மார்பைப் படித்தார்.

"எவரும்னு போட்டிருக்கீங்களே, அதுல நீங்களும் உண்டா?" என்று கேட்டார்.

நானும் உறுப்பினர்தான் என்று முனகினேன். அப்படியானால் சீட்டு எங்கே என்றார். சீட்டுப் புத்தகம் பையில்தான் இருந்தது. இடது கையால் எனக்கு நானே ஒரு சீட்டு எழுதினேன். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது. கம்பவுண்டர் அலமாரியிலிருந்து என் மாதிரிக் கையெழுத்தை எடுத்துவந்து, பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, ஒத்துப்போகவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த மனிதருடைய வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான வருத்தம் வேறு இருந்திருக்காது.

அப்போது கன்னியம்மா குறுக்கிட்டார்.

"இன்னா நைனா எழுதிகினு கீற? எந்தக் கைன்னு சரியா பாத்து எழுது. அன்னிக்கு நான் ஒனக்கு எதிர்ல ஒக்காந்துகினு இருந்தேன். ஒன் எடது பக்கம் எந்தக் கை கீதோ அத்த எடதுன்னு எழுதிட்ட. எனக்குப் படிக்கத் தெரியாது, இங்க வந்து இந்தக் கம்பவுண்டரு சீட்டப் படிச்சப்பதான் தெரிஞ்சுது."

என் மணிக்கட்டு வலிகூட நின்று கவனித்தது.

டாக்டர் திரும்பி, திங்கட்கிழமையிலிருந்து கட்டு மாற்ற ஏன் வரவில்லை என்று அவரைக் கேட்டார். வந்ததையும் திரும்பியதையும் கன்னியம்மா சொன்னார். டாக்டரின் முகம் இறங்கிவிட்டது. என்மேல் இருந்த கோபத்தில் தான் போட்ட உத்தரவு யார்மேல் போய் விழுந்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது. "இவங்க கட்டை முதல்ல பிரிங்க" என்று நர்ஸிடம் சொன்னார். இரண்டு விரல்கள் லேசாக ஒட்ட ஆரம்பித்திருந்தன. பிரிக்கும்போது அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. அடுத்து என் எலும்பை இழுத்து வைத்தபோது நான் போட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

தேவராஜனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தபோது மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். தலையில் பசை காய்ந்து முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. உண்மையைச் சொன்னேன். அவர் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் கன்னியம்மாவிடம் கேட்டார். நான் மூன்று பேரிடமும் கேட்டேன். அங்கேயே புது ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தார்கள். என்ன எழுதப்போகிறீர்கள் என்று கன்னியம்மா விசாரித்தார்.

"மொதல்ல நோவப் பாக்கட்டும், அப்பறம் குந்திகினு எழுதட்டும்" என்றார்.

பழைய ஒன்பது பக்க ஒப்பந்தத்துக்குப் பதிலாக அந்த ஒரு வரி போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சீட்டு முறை அன்றோடு ஒழிந்தது.

ஆறு வாரம் நானும் கன்னியம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்தோம். அவர் கை ஆறிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முழுதாக நீளவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியாது.

கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு இந்தக் கதையை யார் சொன்னார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், குணமான பிறகுதான் எனக்குத் தகவல் வரும். பையனுடைய மஞ்சள்காமாலை எனக்குத் தெரிந்தது அவன் கீழாநெல்லியை நிறுத்திய பிறகு. மனைவி பித்தப்பையை எடுத்துக்கொண்டது, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு வாரத்தில். போன மாதம் பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்து இறங்கின பிறகுதான் மகள் பிரசவத்துக்குப் போன விஷயமே எனக்குச் சொல்லப்பட்டது. ஏன் இப்படி என்று கேட்டேன். குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டே மகள் சொன்னாள்: "நீங்க அனுமதி குடுக்கறதுக்குள்ள இவ நடக்க ஆரம்பிச்சிருப்பாப்பா."