ஆமை எந்தப் பக்கம் பார்க்கிறது?

வழியில் ஒரு பாறை கிடந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? சுற்றிக்கொண்டு போவோம். கால் வலித்தால் அதன்மேல் உட்காருவோம். ஆனால் பாறையைக் கண்டதும் இடுப்பில் கைவைத்து நின்று, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அட, எழுதியே வெச்சிருக்கானே!" என்று பரவசப்படுகிற ஓர் இனம் இருக்கிறது. கல் படிப்பவர்கள் என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். புதையலைப் புதைத்தவன் போன வழியெல்லாம் பாறையில் அடையாளம் விட்டுத்தான் போயிருப்பான் என்பது அவர்கள் கட்சி. பறவை மாதிரி பாறை தெரிந்தால் அலகு காட்டும் பக்கம் நடக்க வேண்டும். குழி தெரிந்தால் தண்ணீர் ஊற்றி, அது வழிகிற பக்கம் போக வேண்டும். ஒன்றுமே இல்லாத மொட்டைப் பாறை என்றால்? அதுதான் இருப்பதிலேயே பெரிய அடையாளம். யாரோ வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள்!

என் பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பாருங்கள். வாரம் முழுக்க, கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, குத்துமதிப்பா அடிச்சு விடாதீங்க" என்று கண்டிப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கும்போது அந்தக் கண்டிப்பையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். காரின் பின்னால் மண்வெட்டி, கடப்பாரை, பாசியைத் தேய்க்கப் பழைய டூத் பிரஷ், கோடுகள் பளிச்சென்று தெரிய மனைவியின் முகப்பவுடர். இத்தனை வருஷத்தில் கிடைத்தது ஒரு துருப்பிடித்த லாடமும் முதுகுப் பிடிப்பும். "நெருங்கிட்டோம்" என்பார். மழையும் காற்றும் அரித்த கல்தானே என்று நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன். "மழைக்கு ஆமை வரையத் தெரியுமா சார்?" என்றார்.

இவருக்கு ஒரே மகள், வங்கியில் வேலை. கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இரண்டு வீட்டிலும் போராடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பையன் வீட்டில் சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று. பையனின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முன்கோபி என்று கேள்வி. துணைக்கு என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

"அப்பா, கல்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது என் வாழ்க்கைப்பா" என்றாள் மகள்.

"நான் ஏம்மா பேசப்போறேன்?"

பாவம், அந்தப் பெண் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே வந்தாள். அவரும் ரொம்பப் பாடுபட்டார். குன்று வரும்போதெல்லாம் கழுத்தைச் சாலைக்கு நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மேட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"ஏங்க!" என்றார் மனைவி.

"காத்து நல்லா வருதுன்னு சொல்ல வந்தேன்."

பையன் வீட்டில் தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது நம்மவர் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். போனவர் திரும்பவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தால், குழாயடியில் துணி துவைக்கிற கல்லின் முன்னால் புதுப் பேன்ட்டோடு மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து பவுடரை எடுத்துத் தூவிக்கொண்டிருக்கிறார். கல்லில் கீறியிருந்தது உருண்டையாக ஒரு உடம்பு, நான்கு கால், ஒரு தலை, ஒரு வால். ஆமை!

மகள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ் டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பவுடரை எடுங்க சார்" என்று உறுமினார். "பவுடர் கோட்டை அடைச்சிடும். கோதுமை மாவுதான் போடணும்."

நம்மவர் மெதுவாக எழுந்தார். "நீங்களுமா?"

"சம்பந்தி!"

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு தேநீர் ஆறுகிற நேரம் அந்தக் கொல்லையில் சொர்க்கம் நிலவியது. அப்புறம் நம்மவர், "தலை காட்டுற பக்கம் தோண்டினா ஆச்சு" என்றார்.

"தலையா? வால் பக்கம் சம்பந்தி. நேராக் காட்டுறதுக்குப் புதைச்சவன் என்ன முட்டாளா? எதையும் ரிவர்ஸ்ல பாக்கணும்."

"பஸ்ஸையும் ரிவர்ஸ்லதான் ஓட்டினீங்களோ?"

"ஊருக்கே கண்ணாடி விக்கிறீங்க, உங்க கண்ணுக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?"

"வாம்மா, கிளம்பலாம். தலை எது வால் எதுன்னு தெரியாத வீட்டுல என் பொண்ணு எப்படிக் குடும்பம் நடத்துவா?"

மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் பையன் பொறுக்க முடியாமல் கத்தினான்.

"ஐயோ, நிறுத்துங்க! அதைக் கீறினது நான்தான். சின்ன வயசுல, ஆணியால. அது ஆமையே இல்லப்பா, பஸ்ஸு. உங்க பஸ்ஸு. அது காலு இல்ல, சக்கரம். வாலு இல்ல, புகை."

"அப்ப தலை?" என்றார் டிரைவர், குரல் இறங்கி.

"நீங்கதான். ஜன்னல் வழியா என்னை எட்டிப் பாக்குறீங்க."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சரி, பைத்தியம் தெளிந்தது என்று இரண்டு அம்மாக்களும் பெருமூச்சு விட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள்.

"அது சரிடா" என்றார் டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பஸ் வரைய நெனச்ச உன் கை, ஏன் ஆமையைப் போட்டுச்சு?"

"அதானே!" என்று துள்ளினார் நம்மவர். "கல்லுல பழைய கோடு இருந்திருக்கு சம்பந்தி. ஆணி அது வழியாவே ஓடியிருக்கு. சின்ன வயசுலயே கல்லு இவன் கையைப் புடிச்சு எழுத வெச்சிருக்கு. இப்படி ஒரு மாப்பிள்ளையை விடுவேனா நான்?"

மறுபடி கட்டிப்பிடித்தார்கள். பிடி தளர்வதற்குள் அம்மாக்கள் கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டார்கள். கல்யாணம் முடிகிறவரை குழாயடியில் எவரும் கடப்பாரை வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். மகள் அழுத கண்ணோடு சிரித்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கதையும் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இன்னும் எழுந்து போகவில்லையே? "அது இருக்கட்டும், அப்புறம் தோண்டினாங்களா? கல்லுக்கு அடியில என்னதான் இருந்துச்சு?" என்று கேட்க வாய் துடிக்கிறது, இல்லையா? ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கடப்பாரையை இன்றைக்கே யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.