பண்ணையார் மூக்கில் உட்கார்ந்த வண்ணாத்திப்பூச்சி

போட்டோ எடுக்கத் தெரியாதவனால் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. போட்டோ எடுப்பதைப் பற்றிப் புத்தகம் படித்தவனால்தான் ஆபத்து. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், வாலிப வயதில் நானே அந்த ஆபத்தாகத் தென்காசியில் நடமாடிக்கொண்டிருந்தேன் என்பதுதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்தேன். கண்ணாடித் தகடு கழுவவும், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தும்மாமல் இருக்கவும் கற்றுக்கொண்டதும், தொழில் முழுக்கக் கைக்கு வந்துவிட்டதாக நினைத்து, பழைய மூன்றுகால் காமிரா ஒன்றோடு ஊர் திரும்பிவிட்டேன். கூடவே வந்தது அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம். நல்ல படத்துக்கு 'சிம்மெட்ரி' வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உதாரணத்துக்குப் பக்கம் முழுக்க ஒரு பட்டாம்பூச்சி. (எங்கள் பக்கத்தில் வண்ணாத்திப்பூச்சி என்போம்.) அதன் உடம்பு வழியாக ஒரு கோடு இழுத்து, இடது இறக்கையில் எங்கெங்கே புள்ளி இருக்கிறதோ அதே தூரத்தில் வலது இறக்கையிலும் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றாலே எனக்கு ஆகாது. அதே கணக்கு இறக்கை கட்டிக்கொண்டு வந்ததும் மயங்கிவிட்டேன். அன்றிலிருந்து தென்காசியில் எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டுப் பார்ப்பேன். கோயில் கோபுரம் தேறியது. எங்கள் அப்பாவின் மீசை தேறவில்லை.

அப்பாவுக்கு வெல்ல மண்டி. நான் போட்டோக்காரன் ஆனதில் அவருக்குச் சந்தோஷமில்லை.

"பெரிய மனுசன் வீட்டு வேலை ஒண்ணாவது ஆவணிக்குள்ள வரணும்லே. வரலைன்னா காமிராவைப் பரண்ல போட்டுட்டு மண்டிக்கு வந்துரு. வெல்லம் யாரையும் அசையாம இருன்னு சொல்லாது" என்றார்.

ஆடி பாதியில் அந்தப் பெரிய மனுஷர் வந்தார்.

அச்சன்புதூர்ப் பக்கம் வயலும் தோப்புமாக இருந்த பண்ணையார் மகாலிங்கம். அவருக்கு அப்போதுதான் அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலத்தில் வந்து தங்கியிருந்தார். பேச்சு குறைவு, கோபம் அதிகம் என்று ஊரில் பெயர். என் போட்டோக் கடைக்கு வெளியே வில்வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டார்.

"தம்பி, குடும்பத்தோட ஒரு படம் புடிக்கணும். மொதக் கல்யாணத்துக்குப் படம் கெடையாது. ஆச்சிக்கு ஆசை. நல்லா வருமா?"

"புத்தகத்துல இருக்க மாதிரி வரும் அய்யா" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று மத்தியானமே எனக்குள் கலை பொங்கத் தொடங்கிவிட்டது. படத்தில் குடும்பத்தையே ஒரு வண்ணாத்திப்பூச்சி மாதிரி உட்காரவைப்பது என்று முடிவு செய்தேன். பண்ணையாரும் ஆச்சியும் நடுவில், பூச்சியின் உடம்பு. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமும் விரிந்து இறக்கை. அது போதாதென்று, உண்மையான வண்ணாத்திப்பூச்சிகளையும் வரவழைத்து, இருபக்கமும் வைத்த பூச்சாடிகளில் உட்காரவைத்துவிட்டால்? அப்படி ஒரு படம் மதுரையில் கிடையாது. சென்னப்பட்டணத்தில் கிடையாது. லண்டனிலேயே இருக்குமோ என்னவோ.

பூச்சிகளை வரவழைக்கவும் என்னிடம் சயின்ஸ் இருந்தது. வண்ணாத்திப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர் சொல்லியிருந்தார். நான் அவரிடம் படித்ததில் நினைவில் நின்றது அது ஒன்றுதான். காலால் ருசி பார்க்குமென்றால் கால் வைக்கிற இடத்தில் இனிப்பைத் தடவினால் போயிற்று. வெல்லத்துக்கு நமக்கு என்ன பஞ்சம்? அப்பாவின் மண்டியிலிருந்து வெல்லம் எடுத்துப் பாகு காய்ச்சி, கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு, ஒரு செம்பில் ஊற்றிக்கொண்டு, குறித்த நாளில் குற்றாலம் போனேன்.

படம் பிடிக்கப் பேசிவைத்த இடம், சிற்றாற்றங்கரையில் மணல் திட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு. அதிகாலைச் சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஈர மணலில் மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாகப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. ஆள் வரும்முன் நாற்காலி போட்டு, பூச்சாடி வைத்து, பூக்களுக்கெல்லாம் பாகு பூசி முடித்தேன். மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் பூச்சாடிக்குப் பக்கத்து நாற்காலியின் முதுகிலும் தடவி வைத்தேன்.

குடும்பம் வந்தது. இறக்கை அமைக்கிற வேலை ஆரம்பித்தது. அப்போதுதான் தெரிந்தது, இடது இறக்கையில் ஓர் ஆள் கூடுதல். பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு காய்கறித் தராசு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில், செங்கோட்டையில் எண்ணெய் வியாபாரம் செய்துவந்த மூத்த மருமகனை வலது பக்கத்து ஒல்லி ஆள் ஒருவரோடு இடம் மாற்றினேன். நல்ல ஆகிருதி. இரண்டு மைத்துனர்களுக்குச் சமம்.

"என்னைய ஏன் இங்கன தள்ளுதீரு?" என்று கேட்டார்.

"கணக்குப்படி நீங்க ரெண்டு ஆளு" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பாகு தடவிய நாற்காலி அதுதான்.

நடுவில் பண்ணையார். கம்பளிக் கோட்டு, பட்டுத் தலைப்பாகை, மடியில் வெள்ளிப்பூண் போட்ட தடி. ஆடி வெயிலில் முகம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு வலப் பக்கத்தில் மனைவி ஆவுடையம்மாள் ஆச்சி. சின்ன உருவம். கூறைப்புடவை மாதிரி ஒரு சிவப்புச் சேலை. என்னைப் பார்த்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை.

"ஆச்சி, கொஞ்சம் நிமிர்ந்து பாக்கணும்" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல தம்பி" என்றார், மெதுவாக.

பண்ணையார் முன்னால் பார்த்தபடியே, "பாரேன். ஒண்ணும் கடிச்சுராது" என்றார். ஆச்சி நிமிர்ந்தார்.

பிறகு நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அந்தக் காலத்துத் தகட்டில் மரநிழலில் படம் விழ நேரம் பிடிக்கும். காமிராவின் மூடியைக் கழற்றி, நிதானமாக எண்ணி, திரும்ப மூட வேண்டும். அதற்குள் யார் அசைந்தாலும் அவர் முகம் புகைபோல் அழிந்துவிடும். "இடி விழுந்தாலும் அசையக் கூடாது அய்யா. மூச்சுகூட மெதுவாத்தான்" என்றேன். அந்த மனிதரிடம் அதுவரை யாரும் 'கூடாது' என்று சொன்னதில்லை என்பது அவர் குடும்பத்தார் முகங்களில் தெரிந்தது. பண்ணையார் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார்.

"அசைய மாட்டேன்" என்றார்.

தகட்டைச் செருகினேன். மூடியைக் கழற்றினேன்.

வண்ணாத்திப்பூச்சிகள் வந்தன. நான் நினைத்தது போலவே மணலிலிருந்து எழுந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு, காற்றில் பூ உதிர்வது மாதிரி வந்தன. என் பூச்சாடிகளைத் தாண்டிப் போயின. என் பாகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பண்ணையாரிடம் போய் இறங்கின.

(பின்னால் விஷயம் தெரிந்த ஒருவர் விளக்கினார். ஈர மணலில் கூடுகிற பூச்சிகள் அங்கே வருவது உப்புக்காகவாம். வெல்லத்தைவிட வேர்வைதான் அவற்றுக்கு விருந்தாம். வாத்தியார் காலால் ருசி பார்க்கும் என்றுதான் சொன்னாரே தவிர, எந்த ருசி என்று சொல்லவில்லை. அல்லது அன்றைக்கு நான் வகுப்பில் தூங்கியிருப்பேன்.)

ஒன்று மீசையின் இடது முனையில் உட்கார்ந்தது. இரண்டு கன்னத்தில். ஒன்று நாடியில். கடைசியாகக் கருப்பும் நீலமுமாகப் பெரிதாக ஒன்று வந்து, மூக்கின் மேல் சரியாக நடுவில் அமர்ந்து, இறக்கைகளைச் சாவதானமாக விரித்து, அவருடைய இரண்டு கண்களையும் மறைத்தது. அன்று நான் பட்ட பாடெல்லாம் பட்டும் வராத சிம்மெட்ரி, அந்தப் பூச்சியிடம் மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது.

பண்ணையார் அசையவில்லை. ஒரு பூச்சி உறிஞ்சுகுழலை நீட்டி உதட்டோரத்தைத் துழாவியது. அசையவில்லை. கூச்சத்தில் காது மட்டும் சிவந்தது. மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் பாகைத் தேடி உண்மையிலேயே வந்த ஜீவன்கள் தம் வேலையைத் தொடங்கின. சிவப்பு எறும்புகள். மூத்த மருமகன், "யம்மோ" என்று ஒரு சத்தம் போட்டு எழுந்து கோட்டைக் கழற்றி உதறினார். நாற்காலி சாய்ந்தது, பூச்சாடி சரிந்தது, என் வலது இறக்கை அப்படியே பிய்ந்து போயிற்று. அவரைப் பார்த்து இடது இறக்கையும் குலுங்கியது. நானோ மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். மூட வேண்டும் என்பதே மறந்துவிட்டது. எப்போது மூடினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இன்னொரு தகடு எடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். சாரல் இறங்கிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். பண்ணையார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா தம்பி?" என்றார், உதட்டை அசைக்காமல்.

"முடிஞ்சுது அய்யா" என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இருட்டறையில் தகட்டைக் கழுவும்போதே தெரிந்துவிட்டது. அச்சுப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு புகைமூட்டம், அதற்குள் ஒரு கோட்டு. இடது பக்கம் இழுபட்ட பற்கள். நடுவில், கல்லில் வெட்டியது போல் துல்லியமாக, முகத்துக்குப் பதில் வண்ணாத்திப்பூச்சிகள் வைத்த ஒரு பெரிய மனிதர். மண்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு எந்த இடம் ஒதுக்குவார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கொழும்புக்குக் கப்பல் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்கு முன் பண்ணையாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று, படத்தை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு குற்றாலம் போனேன்.

வாடகை வீட்டு முற்றத்தில் ஈசிசேரில் இருந்தார். படத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். நான் கோட்டைக் கழற்றி உதறிய மருமகனைப் பற்றியும், எறும்பைப் பற்றியும், வெல்லத்தைப் பற்றியும் உளறிக்கொண்டே போனேன். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. தம் முகம் இருக்க வேண்டிய இடத்தை அவர் பார்க்கவே இல்லை. விரலை அதற்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இவ சிரிக்காளா?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். நான் கவனிக்கவே இல்லை. ஆச்சி தலையைக் கணவர் பக்கமாகத் திருப்பியிருந்தார். வாயை மூடச் சேலைத் தலைப்பைத் தூக்கிய கை பாதி வழியில் நின்றுபோயிருந்தது. முகம் லேசாகக் கலங்கியிருந்தாலும் சிரிப்பு தெளிவாகத் தெரிந்தது. சின்னப் பெண்ணின் சிரிப்பு. தோளெல்லாம் குலுங்கிச் சத்தமே வராமல் சிரித்திருக்கிறார்.

"ஆமா அய்யா. சிரிக்காவ."

"எனக்குச் சத்தம் கேக்கலியே."

"சத்தம் வராமச் சிரிச்சிருக்காவ அய்யா."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ முன்னால பாக்கச் சொன்ன. நானும் முன்னாலயே பாத்துட்டு இருந்துட்டேன்" என்றார். என்னைக் குறைசொன்ன மாதிரி இல்லை. அந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்ன மாதிரியும் இல்லை.

உள்ளே திரும்பி, "ஏட்டி, இங்கன வா. ஒன் படம் வந்திருக்கு" என்று கூப்பிட்டார். ஆச்சி வந்து பார்த்தார். பார்த்ததும் அதே மாதிரி, சத்தமில்லாமல், தோள் குலுங்கத் தொடங்கியது. இந்த முறை பண்ணையார் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்பது முறையில்லை என்று எனக்கே தோன்றியது. (அந்த வயதில் எனக்கு இப்படித் தோன்றியது அபூர்வம்.)

அந்த வீட்டு வேலை வந்ததும் மற்ற வீடுகளும் வந்தன. அப்பா மண்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பண்ணையாரும் ஒவ்வொரு சீசனுக்கும் ஆச்சியை என் கடைக்கு அழைத்துவந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். நானும் திருந்தியிருந்தேன். பாகு கிடையாது, இறக்கை கிடையாது. இரண்டு நாற்காலி போட்டு, "அய்யா, நேரே பாருங்க, அசையாதீங்க" என்பேன். தலையை ஆட்டுவார். நான் மூடியைக் கழற்றுவேன். கழற்றின மறுகணம், ஆச்சி சிரிக்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு பேரும் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. அந்த வீட்டில் இன்றும் எல்லாப் படங்களும் வரிசையாக மாட்டியிருக்கின்றன. முதல் படம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆச்சி தெளிவாக இருக்கிறார். பக்கத்தில் ஒரு தலைப்பாகை, ஒரு கோட்டு, நடுவில் கொஞ்சம் புகை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அவர் கொள்ளுப்பேத்தி என்னைப் படங்களுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"எங்க பூட்டன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எங்க வீட்ல எங்க வயசுக்காரங்க யாருக்குமே தெரியாது தாத்தா. அவிய அசையாம இருந்த படம் ஒண்ணே ஒண்ணுதான். அதுலயும் வண்ணாத்திப்பூச்சி மறைச்சுட்டு. நீங்க நேர்ல பாத்தவியதான, சொல்லுங்க. எப்படி இருப்பாவ?"

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கும், ஆச்சி பக்கம் திரும்பின அவருடைய இடது காது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.