நான் காலமான சனிக்கிழமை

தனியாக இருப்பவன் கையில் பழைய புரோகிராமைக் கொடுக்கவே கூடாது. பேச ஆளில்லாத குறைக்கு அதைத் தோண்டிக்கொண்டே இருப்பான். நான் தோண்டினேன்.

பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலை ரயில் போய்விட்டால், தங்கவயல் கோரமண்டலில் எங்கள் தெருவே காலி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நான் மட்டும் மிச்சம். கூடப்பிறந்த எஸ்தர் அக்கா பெங்களூரில். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் செய்வாள். அதனால் சர்ச்சில் மணியடிக்கும் சாமுவேல் அண்ணன், "ஸ்பீக்கர் புரோகிராமைக் கொஞ்சம் பாருப்பா" என்றதும் ஓடினேன். (டீ வாங்கித் தருவார். கூடவே பேசுவார்.)

அறிவிப்புகளைக் கம்ப்யூட்டர் குரலில் வாசிக்கும் அந்தப் புரோகிராம், யாரோ எப்போதோ சி மொழியில் எழுதியது. ஒரு வரி மாற்றினாலும் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யவேண்டும். நான் மேதையல்லவா! அதன் வயிற்றுக்குள், லுவா என்ற குட்டி மொழியில் எழுதியதை அப்படியே வாசித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரைப் பொருத்தினேன். இனி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டால் போதும், அது வாசித்துவிடும்.

சாவு அறிவிப்பைச் சோதிக்க ஒரு பெயர் வேண்டுமே. உயிரோடு இருக்கிறவர் பெயரைப் போட மனசு வருமா? என் பெயரையே போட்டேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சோதித்தேன். ஸ்கிரிப்டை எடுக்க மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சாமுவேல் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "சகோதரர் டேனியல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அடப் பாவமே, யார் பெற்ற பிள்ளையோ என்று கொப்பளித்த பிறகுதான் உறைத்தது.

அதோடு நின்றதா? வாசித்து முடித்ததும் 'முடிந்தது' என்று ஸ்கிரிப்ட் பதில் சொல்லவேண்டும். அதை நான் எழுதவில்லை. பதில் வராததால், இன்னும் வாசிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தக் கிழட்டுப் புரோகிராம் என்னைத் திரும்பத் திரும்பச் சாகடித்தது.

சர்ச்சுக்கு ஓடலாமென்று கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். கையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, கண்ணெல்லாம் சிவந்து.

"இன்னாப்பா, நீயே வந்து கதவைத் திறக்கிற?" என்றார், ஏதோ நான் முறை தவறிவிட்ட மாதிரி.

விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் சாமுவேல் அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்திருந்தார். திட்டினார்கள், சிரித்தார்கள். "சரி, வந்தது வந்துட்டோம், டீயப் போடு." என் வீட்டில் அத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மானம் போனது உண்மைதான். ஆனால் எனக்கு ஒரே சந்தோஷம். மதியத்துக்குள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். கழுவ டம்ளர்கள் கிடந்தன.

காலையில் யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்; சாயங்காலம் எஸ்தர் அக்கா பெங்களூரிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கினாள். முதலில் கன்னத்தில் ஒரு அறை, பிறகுதான் கட்டிப்பிடித்தல். அன்றிலிருந்து தினமும் காலையில் போன்.

"இன்னாடா, உயிரோட கீறியா?"

"இன்னிக்கு வரைக்கும் கீறேன்க்கா."

குடும்பத்தில் இப்போது எல்லாரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். இந்த வாரம் மட்டும் அக்கா போன் செய்யவில்லை, வேலை அதிகமாம். அந்த ஸ்கிரிப்டை நான் இன்னும் அழிக்கவில்லை.