பெருமாயி கரும்பை நிறுத்திய கதை

ஒரு காட்டில் பெருமாயி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். அடுத்தவர் கரும்பைக் கடித்துத் தின்னும் ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று ஏக்கரில் சொந்தமாகக் கரும்பு போட்டு, ஆலைக்கு அனுப்பி, பன்னிரண்டு குட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றியவள். புருஷன் எங்கே என்கிறீர்களா? அவன் பேச்சை விடுங்கள்.

சிங்கராஜாவுக்கு ஒருநாள் சீர்திருத்த ஆசை வந்தது. பக்கத்துக் காட்டுச் சர்க்கரை மலிவாம். நம் ஆலையை மூடு என்றார். கரும்பை நிறுத்துகிறவர்களுக்கு நிவாரணம் உண்டு என்றும் அறிவித்தார். கரும்பு இருந்த நிலம், கரும்பு இல்லாத நிலம் என்று செல்போனில் இரண்டு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் அதிகாரி வந்து பார்ப்பார்.

பெருமாயிக்கு அந்தப் பணம் வந்தால்தான் மரவள்ளி நட முடியும். வராவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பன்னிரண்டு வாயும் பட்டினி. மளமளவென்று கரும்பை வெட்டிச் சாய்த்துப் படமும் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் கரும்பு வெட்டினால் மூன்றாம் நாள் தண்ணீர் கட்டுவது அவள் வழக்கம். இந்தத் தடவை வேண்டாம் என்று புத்தி சொன்னால் கால் கேட்கிறதா? போய் மடையைத் திறந்துவிட்டாள்.

அதிகாரி கொக்கையா வந்தபோது வெட்டிய கட்டையெல்லாம் துளிர்த்து, மறுதாம்பு முழங்கால் உயரம் பச்சைப்பசேல் என்று நின்றது.

"இது என்னம்மா?"

"தானா முளைச்சதுங்க."

"தானா முளைச்சாலும் நட்டு முளைச்சாலும் கரும்பு கரும்புதான். நீங்க நிறுத்தலை." தள்ளுபடி என்று எழுதிவிட்டுப் பறந்தார்.

பெருமாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கு எதற்கு இருக்கிறது என்று மூன்று ஏக்கரையும் வேரோடு கிளறிப் போட்டு, மறுபடி விண்ணப்பித்தாள். கொக்கையாவும் மறுபடி வந்தார்.

"இங்க கரும்பு இருந்ததுக்கு என்ன அடையாளம்?"

"போன மாசம் நீங்களே பார்த்தீங்களே."

"அது நிறுத்தாத கரும்பு. உங்க படமும் அந்தக் கோப்போட போச்சு. வேற படம் கொண்டாங்க."

"பிடுங்கின கரும்பை எப்படிங்க படம் எடுக்கிறது?"

"அதுக்கு விண்ணப்பத்துல இடம் இல்லம்மா."

பக்கத்து நிலத்து நரி நல்லமுத்துவுக்கு மட்டும் நிவாரணம் வந்திருந்தது. அவன் நிலம் வெறும் பாறை, புல்கூட முளைக்காது.

"உனக்கு எப்படிண்ணே கிடைச்சுது?"

"நீ வெட்டிப்போட்ட குவியல்ல நாலு கட்டு எடுத்தேன். பாறை இடுக்குல குத்தி வச்சு ஒரு படம், பிடுங்கிட்டு ஒரு படம். வேரே இல்லை, எங்க முளைக்கும்? இவ்வளவு சுத்தமா நிறுத்தினவரை நான் பார்த்ததே இல்லைன்னு கொக்கையா சொன்னாரு."

பெருமாயிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் பன்னிரண்டு வயிறு வேறு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

இதற்குள் பக்கத்துக் காட்டுச் சர்க்கரை விலை ஏறிவிட்டது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ராணி பாயசத்தில் பூவைப் போட, ஒரு வாய் குடித்த ராஜா மறுநாளே ஆலையைத் திறந்தார். புதிதாகக் கரும்பு போடுகிறவர்களுக்கு ஊக்கத்தொகையாம். முதலில் காலி நிலம், அப்புறம் கரும்பு நிலம், அதே இரண்டு படம். நல்லமுத்து தன் படங்களை முன்பின்னாக மாற்றி வைத்து வரிசையில் நின்றான்.

பெருமாயி அவன் பின்னால் போய் நின்றாள். "அண்ணே, எனக்கும் ஒரு பிரதி."

"வர்றதுல பாதி எனக்கு."

"சரி."

கொக்கையா அவள் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பாறையை எங்கயோ பார்த்த ஞாபகம்."

"ஐயா நேர்ல வந்து பார்க்கிறீங்களா?" என்றாள் பெருமாயி.

"எதுக்கு? உங்க நிலத்துக்குத்தான் ரெண்டு தடவை வந்தாச்சே." கையெழுத்துப் போட்டார்.

அந்த மழைக்காலத்தில் பன்னிரண்டு குட்டிகளும் வயிறாரச் சாப்பிட்டன. பெருமாயிக்கு முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் இறங்கியது. மூன்று ஏக்கரை மட்டும் அவள் தரிசாகவே போட்டு வைத்தாள். எதையாவது நட்டால் முளைத்துத் தொலைக்குமே என்று பயம்.

நீதி: நட்டுப் பிடுங்கினால் ஒன்றும் கிடைக்காது; குத்திப் பிடுங்கினால் இரண்டு தடவை கிடைக்கும். ஆகவே குழந்தைகளே, எதைச் செய்தாலும் வேர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.