மாப்பிள்ளை கன்னத்துப் புள்ளி

"மாப்பிள்ளை கன்னத்துல புள்ளி புள்ளியா என்னமோ ஊர்றதே அன்பு?" என்றார் மரகதவல்லி மாமி, ஸ்ரீரங்கத்திலிருந்து போனில்.

எடமலைப்பட்டி புதூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அன்புச்செல்வனுக்குப் பகீரென்றது. போன சீசனில் அவன் எடுத்த கல்யாண வீடியோவை, கே.கே. நகர் வீடியோக்காரன் ஒருவன் தான் எடுத்ததாக இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டான். அந்த வயிற்றெரிச்சலில்தான் அன்பு புது சாஃப்ட்வேர் வாங்கினான். ஜரிகை, பூமாலை, கூட்டம் என்று கண் ஏமாறுகிற இடமாகப் பார்த்து அது ஸ்டூடியோ பெயரை முத்திரையாகத் தூவிவிடும். கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும், மனிதக் கண்ணுக்குத் தெரியாது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மாமியின் மகள் மைத்ரேயியின் கல்யாண வீடியோவைக் கொடுக்கும்போது, "உள்ளுக்குள்ள என் பேரு ஒளிஞ்சிருக்கு மாமி, யாராலயும் பாக்க முடியாது" என்று பீற்றிக்கொண்டான்.

மாமி அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டார்.

அன்பு முத்திரையின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி அனுப்பினான்.

"கன்னம் தேவலை. ஆனா கூறைப்புடவை நெளியறதே!"

இன்னும் குறைத்தான்.

"பெருமாள் படத்து மேலேயே உங்க பேரை எழுதியிருக்கேளே, இது அடுக்குமா?"

அன்பு திரையில் மூக்கு உரசப் பார்த்தான். அட ஆமாம்! கன்னத்தில் பொடிப்பொடியாக என்னவோ இருக்கத்தான் செய்தது. மனைவி சுபஸ்ரீயைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"எங்கங்க? எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

"உன்னை முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்" என்று எரிந்து விழுந்தான்.

மறுநாள் காலை மாமி ஒரே போடாகப் போட்டார். "எங்கண்ணா பொண்ணு கல்யாணத்துக்கும் உங்களைத்தான் சொல்லியிருந்தேன். சாயங்காலத்துக்குள்ள அந்தக் கண்றாவியை எடுக்கலேன்னா, கே.கே. நகர்ல ஒருத்தர் நன்னா எடுக்கறாராம், அவரையே வச்சுக்கறோம்."

அவனா! அன்புக்கு ரத்தம் கொதித்தது. முத்திரையை எடுத்துவிட்டால் அந்தத் திருடன் இதையும் சுருட்டிவிடுவான். எடுக்காவிட்டால் அடுத்த கல்யாணமும் அவன் கைக்குப் போய்விடும். நாளெல்லாம் தவித்துவிட்டுச் சாயங்காலம் வீம்புக்கு முழு அழுத்தத்தில் முத்திரையை ஏற்றி, "மொத்தமா எடுத்துட்டேன் மாமி" என்று கூசாமல் புளுகி அனுப்பினான். பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன் வந்தது.

"இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு! நான் சொன்னேனோல்லியோ? அண்ணா பொண்ணு கல்யாணம் உங்களுக்குத்தான்."

அன்பு விழுந்து விழுந்து சிரித்தான். "முழுசா ஏத்தியிருக்கேன், தெரியலியாம்! கொஞ்சூண்டு இருந்தப்போ மட்டும் தெரிஞ்சுதாம்! எனக்குத் தெரிஞ்சது சரி. நமக்கு இது தொழில், பழகின கண்ணு" என்று சுபஸ்ரீயிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மறுபடி போன். சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண்.

"ஸாரி சார், எங்க பக்கத்துலதான் தாமதம். உங்க லைசென்ஸ் இன்னிக்கு மத்தியானம்தான் ஆக்டிவேட் ஆச்சு. அதுக்கு முன்னாடி நீங்க அனுப்பின எந்த வீடியோவுலயும் ஒரு புள்ளிகூட விழுந்திருக்காது."